தமிழ்வழியில் படித்தவர் வெளிநாட்டில் தன்னார்வமாக ஆங்கிலம் கற்றுக்கொடுக்க முடியுமா?

கேள்வி: "பயணம் போகும் நாட்டில் பிள்ளைகளுக்குத் தன்னார்வமாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த எனக்கெல்லாம் அது சரிப்படுமா?"

சரிப்படும். நான் வடசென்னை காசிமேட்டுப் பெண். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். 2019ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் கம்போடியாவில் இருந்தேன். சியெம் ரீப் நகரத்திலிருந்து தொன்லே சாப் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். "எனக்கெல்லாம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஆங்கிலம் வந்தது பள்ளியில் அல்ல, மண்ணடியில். கல்லூரி முடித்ததும் அங்கே, சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று நாள் முழுக்க ஆங்கிலத் தாள்கள்தான். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், பேச வராது. தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும். என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்துப் படிப்பேன். அந்தத் தாள் இல்லாமல் பேச நான்கு வருடம் ஆனது. பிற்பாடு கம்போடியாவில் எனக்குப் பாடத்திட்டமாக இருந்தது அந்தப் பழக்கம்தான்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வருடம் எங்கள் தெருவில் நடந்த மாலை வகுப்பில் சனி, ஞாயிறு பாடம் எடுத்திருந்தேன். வடசென்னையில் இது பழைய வழக்கம். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும், படித்து முன்னுக்கு வந்தவர்கள் தங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து இரவுப் பாடசாலை நடத்துவார்கள். நீங்களும் முதலில் அங்கே போய் ஆறு மாதமாவது கரும்பலகை முன்னால் நில்லுங்கள். முப்பது பிள்ளைகளை ஒரு மணி நேரம் கட்டிவைக்கத் தெரியாமல் வெளிநாட்டுக்குப் போனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் உங்களுக்குப் பயிற்சிப் பொருளாகிவிடுவார்கள். அது நியாயம் அல்ல. பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழை இணையத்தில் வாங்கலாம். நானும் வாங்கினேன். பாடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது அதில் தெரிந்தது. பிள்ளைகளைத் தெரிந்துகொண்டது எங்கள் தெருவில்தான்.

என் அம்மா துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். விஷயத்தைச் சொன்னதும், "இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டாயா? கடல் தாண்டிப் போய் யாருக்குச் சொல்லித்தரப் போகிறாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "எனக்கு ஊர் பார்க்க ஆசையாக இருக்கிறது, அம்மா. சும்மா பார்த்துவிட்டு வராமல் ஏதாவது செய்துவிட்டு வருகிறேன்" என்றேன். ஆயாதான் எனக்காகப் பேசினார். ரங்கூனில் பிறந்து, 1960களில் பர்மாவிலிருந்து தமிழர்கள் வெளியேறியபோது கப்பலில் இங்கே வந்து இறங்கியவர் அவர். "நாங்கள் பார்க்காத கடலா? போய்விட்டு வா, கண்ணு" என்றார். அம்மாவிடம் சொன்ன அந்தப் பதிலை நான் இன்றுவரை மாற்றவில்லை. ஊர் பார்க்கும் ஆசையில் போகிறோம் என்பதை நமக்கு நாமே ஒப்புக்கொண்டால், அங்கே போய்ப் பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைக்க மாட்டோம்.

இனிச் சொல்லப்போவது சங்கடமான பகுதி. ஆனால் இதற்காகவே இந்தப் பதிலைப் படியுங்கள்.

நான் முதலில் போனது அந்தச் சிற்றூருக்கு அல்ல. ஓர் அமைப்பு வாரக்கணக்குப் போட்டு என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பியது. போன அன்றே பிள்ளைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்காம் நாள் 'என் குடும்பம்' என்ற பாடம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அம்மா, தம்பி, ஒரு மாடு எல்லாம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். அம்மாவின் படத்தைத் தொட்டு, "மதர், சாட்டர்டே, கம்" என்றாள். அனாதை என்று எனக்குச் சொல்லப்பட்ட குழந்தை அவள். அவள் அம்மா பக்கத்து ஊரில் உயிரோடு இருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். கம்போடியாவின் இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதை யுனிசெஃப் பல வருடங்களாகச் சொல்லிவந்திருக்கிறது. வீட்டில் வறுமை, இல்லத்தில் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டவர் வந்து நெகிழ்ந்து பணம் தந்ததால் இல்லங்கள் பெருகின, அவற்றை நிரப்பக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். என்னைப் போன்றவர்கள் இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்ப, அடுத்தவர் வந்து கொஞ்சுவார். ஒவ்வொரு முறையும் பிரிவது குழந்தைதான். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் பாஸ்போர்ட் நகலைத் தவிர அந்த இல்லம் என்னிடம் எதையும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை அன்றே குழந்தைகளோடு தனியறையில் விட்டுவிட்டார்கள். உங்களைப் பற்றி விசாரிக்காத எந்த இடத்துக்கும் போகாதீர்கள். குழந்தைகள் இல்லம் என்றால் என்ன சொல்லி அழைத்தாலும் போகாதீர்கள். கட்டிய பணத்தை விட்டுவிட்டு நான் வெளியே வந்தேன். அந்தச் சிறுமியிடம் என்ன சொல்லி விடைபெறுவது என்று தெரியாமல், நாளை வருவேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

சியெம் ரீப்பில் தங்கியிருந்த விடுதிக்காரப் பெண்மணியிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர்தான் தன் உறவினரான ஓர் ஆசிரியரிடம் அனுப்பிவைத்தார். ஆசிரியரை அங்கே 'லோக் க்ரூ' என்பார்கள், ஆசிரியையை 'நேக் க்ரூ'. க்ரூ என்பது நம் குருதான். அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் காலை, மாலை என இரண்டு ஷிப்ட்டாக நடக்கின்றன. லோக் க்ரூ காலையில் அரசுப் பள்ளிக்குப் போவார். மதியத்துக்கு மேல் தன் வீட்டுக்கு அடியில் ஆங்கில வகுப்பு எடுப்பார். அந்தப் பக்கத்து வீடுகள் உயரமான மரக்கால்கள் மேல் நிற்பவை. வெள்ளம் வராத மாதங்களில் கீழே நல்ல நிழலான இடம் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 500 ரியல் வாங்குவார். 4,000 ரியல் ஏறத்தாழ ஒரு டாலர்.

அவர் முதலில் கேட்டது, "இலவசமாக வகுப்பு எடுக்கப்போகிறீர்களா?" என்பதுதான். முன்பு பக்கத்து ஊரில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் இலவச வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். இவரிடம் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். மழைக்காலம் வந்ததும் அந்தத் தன்னார்வலர்கள் தங்கள் ஊருக்குப் போய்விட, வகுப்பும் போய்விட்டது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வகுப்பு அவருடையது, கட்டணம் அவருக்கு. நான் பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் அவர் பக்கத்தில் நிற்பேன். எந்த நாட்டுக்குப் போனாலும் இப்படி ஓர் உள்ளூர் ஆசிரியருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் இடத்தில் நிற்காதீர்கள்.

பெற்றோரில் சிலருக்கு என்னைக் கண்டதும் முகம் வாடியது. வெள்ளைக்கார ஆசிரியர் வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வருடம் மட்டும் கம்போடியாவுக்கு 66 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அங்கோர் கோயில்களை ஒட்டிய ஊர்களில் ஆங்கிலம் தெரிந்தால் சோறு நிச்சயம். தமிழ்வழியில் படித்த என்னால் என்ன ஆகும் என்று எனக்கே முதல் வாரம் பயம்தான்.

பயம் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகள் 'ரைஸ்' என்பதை 'ரை' என்றார்கள். 'ஹவுஸ்' என்பது 'ஹவ்' ஆனது. 'லைக்', 'லைட்', 'லைஃப்' மூன்றும் ஒரே சொல்லாகக் கேட்டன. கம்போடியர்களின் கெமர் மொழிப் பேச்சில் சொல்லின் கடைசி மெய்யை வெடித்து விடுவதில்லை, உள்ளேயே அடக்கிக்கொள்கிறார்கள். நாம் செய்வது இதற்கு நேர் எதிர். வல்லின மெய்யிலோ 'ஸ்' போன்ற ஒலியிலோ சொல்லை முடிக்க நம் நாக்கு ஒப்பாது, குற்றியலுகரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பஸ் 'பஸ்ஸு' ஆகும், லைட் 'லைட்டு' ஆகும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடைசி எழுத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லிப் பழக்கியிருந்தேன். இங்கே அதையே திருப்பிப்போட்டேன். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் துண்டைப் பிடித்து, 'லைக்' என்று முடிக்கும்போது தாள் அசைய வேண்டும் என்றேன். 'ஸ்' வருவதற்குச் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்கும் சத்தம். வேண்டுமானால் நம் ஊர் மாதிரி 'லைக்கு' என்று சொல்லுங்கள், பிறகு அந்த உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடலாம் என்றும் செய்து பார்த்தோம். பத்து நாளில் தாள் ஆடத் தொடங்கியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருப்பதே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் தொலைபேசியில் என் 'லைட்டு'வைக் கேட்டு யாரோ சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

'டூ கவ்' என்று பன்மை இல்லாமல் சொல்வார்கள். நாமும் பேச்சில் இரண்டு மாடு, பத்து மீன் என்றுதானே சொல்கிறோம்? அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. காலம்தான் கடினமாக இருந்தது. கெமர் மொழியில் வினைச்சொல் காலத்துக்காக மாறுவதே இல்லை. நேற்று, நாளை என்ற சொல்லை முன்னால் வைத்தால் போதும். 'கோ' இருக்கும்போது 'வெண்ட்' என்று இன்னொரு சொல் எதற்கு என்று பிள்ளைகள் உண்மையாகவே கேட்டார்கள். அதில் நான் அதிகம் சாதிக்கவில்லை.

தினமும் வகுப்பு முடியும்போது பிள்ளைகள் எனக்குப் பத்து கெமர் சொல் கற்றுத்தர வேண்டும் என்று வைத்தேன். எண்களில் தொடங்கினார்கள். முய், பீ, பெய், புவன், ப்ரம். ஆறுக்குத் தனிச்சொல் கிடையாது, 'ப்ரம் முய்', ஐந்தும் ஒன்றும். நான் தப்பாகச் சொல்லச் சொல்ல அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துத் திருத்தினார்கள். அதற்கு முன் வாயே திறக்காத ஒரு பையன் மறுநாள் எழுந்து ஆங்கிலத்தில் மீன் விலை சொன்னான். தப்பாகப் பேசலாம், யாரும் சாகமாட்டார்கள் என்று ஆசிரியரே காட்டினால்தான் பிள்ளை நம்புகிறது. லோக் க்ரூ எனக்கு எழுத்துகளும் காட்டினார். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது. அவர்கள் அரசர்கள் சூரியவர்மன், ஜெயவர்மன். நம் பக்கம் மகேந்திரவர்மன். மாமல்லபுரத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைமுறை விஷயங்கள். கம்போடியாவுக்கு டி வகைச் சுற்றுலா விசாவை ஒரு முறைதான், ஒரு மாதம்தான் நீட்டிக்கலாம். நான் அதைவிட நீண்ட நாள் தங்க நீட்டித்துக்கொள்ளக்கூடிய இ வகை விசாவில் போனேன். சம்பளம் வாங்காவிட்டாலும் பல நாடுகளின் சட்டம் கற்பிப்பதை வேலையாகவே பார்க்கும். தாய்லாந்தில் தன்னார்வலருக்கும் வேலை அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவே போதும் என்று இடைத்தரகர் சொன்னால் நம்பாமல் தூதரகத்தில் கேளுங்கள். வொர்க்அவே, வேர்ல்ட்பேக்கர்ஸ் போன்ற தளங்களில், தினம் நான்கைந்து மணி நேர வேலைக்குத் தங்குமிடமும் சாப்பாடும் தரும் இடங்கள் உண்டு. சேர்வதற்கு ஆண்டுக் கட்டணம் இருக்கிறது. டாலர் நோட்டில் கிழிசலோ கறையோ இருந்தால் கம்போடியாவில் வாங்கமாட்டார்கள். கொசுவலை, பயணக் காப்பீடு இரண்டும் கட்டாயம். சாப்பாட்டைப் பற்றி நம் பக்கத்துக்காரர் கவலைப்பட வேண்டாம். அவர்களுடைய 'ப்ரஹோக்' என்ற புளித்த மீன் விழுதின் வாசனை எனக்குக் கருவாட்டுச் சந்தையை நினைவூட்டியது. குறைந்தது ஆறு வாரமாவது இருக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

கிளம்பும்போது கடைசி மெய் வரும் சொற்களை வரிசையாக எழுதி ஒரு நோட்டை லோக் க்ரூவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 2020 மார்ச்சில் அங்கே பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பிறகு ஒருநாள் அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். என் சொற்களில் பாதியை அடித்துவிட்டிருந்தார். அந்த ஊருக்குப் பஸ் வராது, அதனால் 'பஸ்' போய்விட்டது. அந்த இடத்தில் 'ஐஸ்' என்று எழுதியிருந்தார். மீன் வாங்கும் படகுகளுக்கு அங்கேயும் விடியற்காலையில் ஐஸ் கட்டி வந்து இறங்கும். கூடவே ஒரு குரல் பதிவு. நான்கைந்து பிள்ளைகள் ஒன்றாக, 'ஸ்' என்பதைக் காற்றுப்போன டியூப் மாதிரி நீட்டி, "ஐஸ்ஸ்ஸ்" என்றார்கள்.

அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "ஐசு என்கிறார்களா?" என்றார். "ஆமாம் அம்மா, ஐசுதான்" என்றேன்.