தரகருக்கு எந்தக் கிழமை ஞாயிறு?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். மதுரையில் மனைத் தொழிலில் இருந்த 22 வருடத்தில் நான் உருப்படியாகச் சேர்த்தது அசிடிட்டிதான் என்று. அதற்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நெஞ்செரிச்சல் இருக்கிறது போல. இந்த முறை முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

கேள்வி: அண்ணே, வயது 35. ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு நாலு வருடமாக மனை விற்கிறேன். ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு இருக்கிறது, வருமானமும் பரவாயில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கில்லை. காலையில் சைட் விசிட் வண்டி கிளம்பினால் இருட்டித்தான் வீடு. மகளிடம் அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், நான் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாலும் "சைட்ல" என்கிறாள். போன மாதம் டாக்டர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார். ஞாயிறு லீவு எடுத்தால் தொழில் போய்விடுமா? (ஒத்தக்கடை வாசகர்)

பதில்: போய்விடும் தம்பி. ஞாயிறு உங்களுடையதல்ல என்பதை முதலில் ஒத்துக்கொண்டு விடுங்கள், பாதி மனக்கசப்பு அங்கேயே தீரும். மனை வாங்குகிறவர் பேங்கிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்க்கிறார், அவருக்கு அன்றுதான் லீவு, மாமனார் மச்சான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அன்றுதான் வருவார், நீங்கள் அன்று குடும்பத்தோடு இருக்கிறேன் என்றால் அடுத்த ஆள் வண்டியில் ஏறிவிடுவார். எட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமையோடு மல்லுக்கட்டித் தோற்றவன் சொல்கிறேன்.

பிறகு ஒருநாள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நம் தொழிலுக்கென்று தனியாக லீவு பட்டியலே அதில் அச்சடித்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை நம் பார்ட்டிகளில் பெரும்பாலோர் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். (செவ்வாய் பூமிகாரகன், அன்றைக்குத்தான் நிலம் வாங்கணும் என்று சொல்கிற ஜோசியர் கட்சி ஒன்று உண்டு. பேசக் கேட்டிருக்கிறேன், பணத்தோடு வந்து பார்த்ததில்லை.) அஷ்டமி, நவமி, கரிநாள் என்றால் பணம் கை மாறாது. தேய்பிறையில் பாதிப் பேர் வளர்பிறை வரட்டும் என்பார்கள். பதினெட்டாம் பெருக்கை விட்டால் ஆடி முழுக்க மந்தம், மார்கழியும் அப்படியே. இது போக ராகு காலமும் எமகண்டமும் தினம் மூன்று மணி நேரம். இவ்வளவு ஓய்வு எந்த அரசு உத்தியோகத்தில் இருக்கிறது சொல்லுங்கள்? அத்தனையையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "மார்க்கெட் டல்லு" என்று புலம்பியே கழித்துவிட்டு, ஞாயிறு இல்லையே என்று அழுகிறோம்.

அதனால் செவ்வாய் மதியம் வரை உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்தான், ஆனால் கொண்டுபோய் விடுவதும் மதியச் சாப்பாடு கட்டுவதும் உங்கள் பொறுப்பு என்று ஆக்கிக்கொண்டால், வாரத்தில் ஒருநாளாவது நீங்கள் சைட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். விட்டுவிட்டு நேராக டீக்கடைக்குப் போகாதீர்கள். ஒத்தக்கடை என்கிறீர்கள், வாசலிலேயே யானைமலை படுத்திருக்கிறது. "மலை வியூ" என்று நோட்டீஸ் அடித்து எத்தனை மனை விற்றிருப்பீர்கள், அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையை நின்று பார்த்திருக்கிறீர்களா? 770-ஆம் வருடத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாண்டிய மன்னனுக்கு மந்திரியாக இருந்த மாறன் காரி இந்தக் கோயிலைக் குடைந்தார், குடமுழுக்குப் பார்க்காமலே இறந்துபோனார், அந்தப் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்தார். அவருக்கும் அண்ணனைப் போலவே ஆயிரம் ஜோலி இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் வேண்டாம் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்துத் தாமரைக் குளக்கரையில் ஆலமர நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், ரத்த அழுத்தம் தானாக இறங்கும். ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்தோடு. நடக்க மட்டும்தான் வேண்டும் என்றால் வண்டியூர் தெப்பக்குளம், 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். முதல்முறை சுற்றியபோது என் மண்டை என்ன செய்தது தெரியுமா, ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது, கிட்டத்தட்ட 22 ஏக்கர், சென்ட் என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டது. மூன்றாவது வாரம்தான் நடுவில் மைய மண்டபம் ஒன்று இருப்பதே கண்ணில் பட்டது.

சர்க்கரைக்கு வருகிறேன். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன், பதினொரு டீ. ஓனரோடு ஒன்று, பார்ட்டியோடு ஒன்று, வில்லங்கச் சான்று போட்டுத் தருகிறவரோடு ஒன்று, வராத பார்ட்டிக்காகக் காத்திருந்து இரண்டு. டீ இல்லாமல் பேச்சு நகராது என்பார்கள், பொய். கையில் கிளாஸ் இருந்தால் போதும், அதில் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்புறம் சைட்டில் போடுகிற பிரியாணி, அது வருகிறவர்களுக்கு. நீங்கள் வாரம் தவறாமல் அதையே தின்றால் டாக்டர் சொன்ன எல்லைக்கோட்டை ஆறு மாதத்தில் தாண்டிவிடுவீர்கள்.

போன் விஷயம். ராத்திரி 9 மணிக்கு மேல் "மனை இருக்கா" என்று கேட்ட ஒருத்தர்கூட மறுநாள் பணத்தோடு வந்ததில்லை, என் 22 வருடக் கணக்கு இது. வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் ஆட்களைக் காலை 7 மணிக்கும், துபாய் ஆட்களை வாரத்தில் ஒரே ஒரு ராத்திரியும் என்று பேசி வையுங்கள். முறையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், நாம்தான் சொல்வதில்லை.

ஒரே ஒரு லீவை மட்டும் எந்தப் பார்ட்டிக்காகவும் விட்டுவிடாதீர்கள், அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். ஒரு வருடம், ஊரே கள்ளழகரைப் பார்க்க வைகைக்குப் போய்க்கொண்டிருந்த விடியற்காலையில், வெளியூர்ப் பார்ட்டி ஒருத்தர் இன்றைக்கு விட்டால் வர முடியாது என்றார் என்று வளையங்குளம் பக்கம் கூட்டிப் போனேன். பார்த்துவிட்டு "திக்கு சரியில்லை" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த வருடம்தான் எங்கள் அம்மா கடைசியாக நடந்து போய் அழகரைப் பார்த்தது. கூட என் தம்பிதான் போனான்.

கேள்வி: சார், வாடகை வீடு, பழைய வீடு காட்டுகிற வேலை செய்கிறேன். வயது 41. வேலை பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. வெளியில் போக இடமில்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. இதையெல்லாம் பத்திரிகையில் கேட்கலாமா தெரியவில்லை. (பெயர் வேண்டாம், கே.கே. நகர்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. இந்தத் தொழிலில் பெண்கள் அதிகம் படுகிற பாடே இதுதான், நாங்கள் ஆண்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. என்னிடம் வேலை பார்த்த பெண் ஒருவர் கையில் ஒரு பேப்பரில் ரூட் போட்டு வைத்திருப்பார், எந்த ஏரியாவில் எந்த ஓட்டல், எந்தப் பெட்ரோல் பங்க், எந்த ஓனர் வீட்டு அக்கா கதவைத் திறந்துவிடுவார் என்று. அதற்குத் தகுந்த மாதிரிதான் பார்ட்டிக்கு நேரமே கொடுப்பார். நீங்களும் போடுங்கள். வீடு காட்டப் போகும்போது தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்ப்பது எப்படியும் நம் வேலை, அந்தச் சாக்கில் பாத்ரூமை நீங்களே பயன்படுத்திக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தண்ணீரைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

நத்தம் ரோட்டுப் பக்கம் வேலை என்றால் இரண்டு பார்ட்டிகளுக்கு நடுவில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்காருங்கள். 2023 ஜூலையில் திறந்தது. ஏசி இருக்கிறது, கழிவறை இருக்கிறது, உங்களை யாரும் என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். மதியம் 1 முதல் 3 வரை ஸ்கூட்டியில் வெயிலில் திரிவதைவிட அங்கே வாரப் பத்திரிகை புரட்டலாம். அப்புறம், பூட்டின வீட்டுக்குப் புது ஆளோடு தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைச் சாவியோடு வரச் சொல்லுங்கள், இருட்டினால் மறுநாள். ஒரு மாத வாடகைதான் நமக்குக் கமிஷன், அதற்காக இவ்வளவு துணிய வேண்டியதில்லை.

கேள்வி: ஆடி வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. லீவு எடு, மலை ஏறு என்று ஈஸியாகச் சொல்லிவிடுவீர்கள், பணம்? (திருமங்கலம் வாசகர்)

பதில்: சரியான கேள்வி. கமிஷன் என்பது மழை மாதிரி, கண்மாயில் தேக்கிவைத்தால்தான் கோடைக்கு வரும். வருகிற கமிஷன் முழுவதையும் ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் ஒன்றாம் தேதி உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒத்தக்கடை தம்பிக்கு ஜவுளிக்கடை முதலாளி கொடுத்த மாதிரி, கூடவும் கிடையாது முன்பணமும் கிடையாது. ஆறு மாதச் சம்பளம் அந்தக் கணக்கில் சேரும் வரை புது வண்டி வாங்கக் கூடாது. பெரிய பத்திரம் ஒன்று முடிந்ததும் கார் புக் பண்ணுகிற நம் ஆட்கள் எத்தனை பேர் அடுத்த ஆடியில் அதே காரை விற்றிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. கமிஷனில் வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதத்தில் இருந்து 2 ஆகிவிட்டது. கைக்குக் கூட வருகிறதே என்று செலவழித்துவிடாதீர்கள், குறைந்தது பிடித்தம்தான், வரி அல்ல.

கேள்வி: நான் விற்கிற லேஅவுட்டில் மூன்று மனை பழைய ஓடையில் வருகிறது. எஃப்எம்பி-யில் (சர்வே துறையின் நில அளவை வரைபடம்) தெளிவாகத் தெரிகிறது. லேஅவுட் போட்ட புரமோட்டர் வாயைத் திறக்காதே என்கிறார். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. தூங்க யோகா ஏதாவது சொல்லுங்களேன். (ஊர் வேண்டாம்)

பதில்: யோகா எதற்கு? அந்த மூன்று மனையைக் காட்டுவதை நிறுத்துங்கள், தூக்கம் வரும்.

கோபத்தில் சொல்லவில்லை, நானும் இதில் வெந்தவன். அப்ரூவல் இல்லாத மனைகளைப் பத்திரம் போடக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, நான் விற்ற மனைகளில் மூன்று குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் விற்றோம், அது ஒரு சமாதானமா? அடுத்த வருடம் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்து வழி பிறக்கும் வரை, அந்த மூன்று பேரில் ஒருவர் மார்க்கெட்டில் எதிரே வந்தால் நான் பூக்கடை சந்துக்குள் திரும்பிவிடுவேன். மல்லிகைப்பூ வாசம் வந்தாலே வயிற்றைப் பிசைந்த காலம் அது. மதுரைக்காரனுக்கு இதைவிடத் தண்டனை என்ன வேண்டும்?

உங்கள் நிலைமை அதைவிடச் சிக்கல். ஏஜென்டாகப் பதிவு வைத்திருக்கிறவர் தெரிந்தே மறைத்தால் ரெரா சட்டத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அது மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். புரமோட்டர் அதைக் கட்ட வர மாட்டார். ஓடை என்றைக்காவது தண்ணீர் வரத்தான் ஓடை. அவரிடம் வாட்ஸப்பில் எழுத்தாக, "இந்த மூன்று மனை எஃப்எம்பி-யில் ஓடையில் வருகிறது, நான் விற்க மாட்டேன்" என்று அனுப்புங்கள். மற்ற மனைகளும் போய்விடும் என்று பயமாக இருக்கும், போகலாம். ஏற்கனவே யாருக்காவது காட்டியிருந்தால் அவருக்கும் இன்றைக்கே போன் போடுங்கள், 9 மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: சைட் அலைச்சலுக்கு ஜிகர்தண்டா நல்லதா, பருத்திப்பால் நல்லதா? (விளக்குத்தூண் பக்கத்து வாசகர்)

பதில்: விளக்குத்தூண் பக்கம் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? பாதாம் பிசின் குளிர்ச்சிதான், ஆனால் அதோடு சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று கோபுரம் கட்டித் தருகிறார்கள், அதை மருந்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பருத்திப்பாலில் சுக்கும் கருப்பட்டியும் இருக்கிறது, வயிற்றுக்கு இதம். சாயங்காலம் கடைசிப் பார்ட்டியை அனுப்பிவிட்டு, போனைப் பையில் போட்டுவிட்டு, தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்று சூடாக ஊதி ஊதிக் குடித்தால் அலைச்சல் பாதி குறையும். என் ஓட்டு அதற்கு. மாதம் ஒருதரம் ஜிகர்தண்டாவும் குடியுங்கள், மதுரையில் இருந்துகொண்டு அதை விட முடியாது. ஒத்தக்கடை தம்பி மட்டும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டாம்.