எஸ்டேட் பள்ளிக்கு வந்த பணம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட் டிவிஷனில் உள்ள அரசு எல்.பி. (தொடக்கப்) பள்ளியின் பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில்) இருக்கிறேன். தமிழ் மீடியம். ஒன்று முதல் நான்கு வரை சேர்த்து 38 பிள்ளைகள். எச்.எம்.மையும் சேர்த்து நான்கு பணியிடம், அதில் இரண்டு காலி. தினக்கூலி ஆசிரியர்கள் வருகிறார்கள், போகிறார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து 1,60,000 ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கலாம் என்பது பாதிப் பேர் பேச்சு. இங்கிலீஷ் மீடியம் தொடங்கினால்தான் பிள்ளைகள் நிற்பார்கள் என்கிறார்கள் சிலர். அந்தப் பணத்தில் ஜீப் வைத்து எல்லோரையும் மூணாறுக்கே அனுப்பிவிடலாம் என்றும் ஒரு கூட்டம் சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் வாசிக்க வரவில்லை, எனக்கு அதுதான் கவலை. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், தேவிகுளம் தாலுகா

அன்புள்ள நண்பருக்கு,

டிவியை முதலில் தள்ளி வையுங்கள். 2019க்குப் பிறகு கைட் என்ற கேரள அரசு நிறுவனம் மூலம் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. உங்கள் பள்ளி அலமாரியைத் திறந்து, அவை இருக்கின்றனவா, ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடாவிட்டால், டிவிக்கும் அதே கதிதான்: மழைக்காலத்து ஈரம், ஏறி இறங்கும் கரண்ட், பழுது பார்க்க மலை ஏறி வர ஆளில்லாமை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஒரே அறையில் இரண்டு வகுப்பு உட்கார்ந்திருக்கும் பள்ளியில் டிவி ஒரு வகுப்போடுதான் பேசும், அடுத்த வகுப்பின் கவனத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இங்கிலீஷ் மீடியம் பற்றிக் கணக்கு மட்டும் சொல்கிறேன். இப்போது நான்கு பேர் நான்கு வகுப்பைப் பார்க்கிறார்கள். இரண்டு மீடியம் ஆனால் அதே நான்கு பேர் எட்டு வகுப்பைப் பார்க்க வேண்டும். 38 பிள்ளைகளுக்காகக் கூடுதல் பணியிடம் வராது.

உங்கள் பள்ளிக்கு இல்லாதது நேரம். முதல் வண்டியில் வரும் ஆசிரியர் பத்தரைக்கு வந்து, கடைசி வண்டியைப் பிடிக்க மூன்று மணிக்குக் கிளம்புகிறார் என்று வையுங்கள். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போச்சு. 200 நாளில் அது 300 மணி நேரம். உணவு இடைவேளை போக நாளுக்கு ஐந்து மணி என்றால் வருடத்துக்கு 1000 மணி. மிஞ்சுவது 700. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை கேட்பது 200 வேலை நாள், 800 மணி. கனமழைக்குக் கலெக்டர் விடும் லீவை இதில் நான் சேர்க்கவே இல்லை. இங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் செலவு ஆசிரியர் தங்க ஓர் இடம். எஸ்டேட்டில் ஆள் குறைந்து பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) உண்டு. மேனேஜருக்கு பி.டி.ஏ. கடிதம் கொடுத்து, இரண்டு வீட்டைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, மேனேஜர் மாறினால் வீடும் போகும். கூரை ஒழுகல், கக்கூஸ், தண்ணீர்க் குழாய், உள்ளே தாழ்ப்பாள் இந்த நான்கும் சரியாக இருந்தால் வேலைக்கு வரும் பெண் ஆசிரியர் வாரத்தில் நான்கு இரவு தங்குவார். சும்மா வெள்ளையடித்து வைத்தால் தங்க மாட்டார். 60,000 வரை இதற்கு ஒதுக்கலாம்.

காலிப் பணியிடம் ஏன் நிரம்பவில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். தமிழ் மீடியம் எல்.பி. ஆசிரியருக்கு பி.எஸ்.சி. (கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம்) மாவட்ட வாரியாகத் தனிப் பட்டியல் போடுகிறது. அந்தச் சிறிய பட்டியலில் ஒரு குறிப்பிட்ட இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ஆள் கிடைக்காவிட்டால், அந்த இடத்துக்கு மட்டும் என்.சி.ஏ. (ஆள் கிடைக்காத இடம்) என்று மறுபடி அறிவிப்பு வரும். அதற்கும் ஆள் வராவிட்டால் இன்னொரு அறிவிப்பு. இடம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ‘எங்களுக்கு ஆசிரியர் வேண்டும்’ என்று பொதுவாக மனுக் கொடுத்தால் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில் வரும், அத்தோடு சரி. கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: இந்தக் காலியிடம் பி.எஸ்.சி.க்கு எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது? அது பொது இடமா, என்.சி.ஏ.வா? இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தெரிவிக்கவே இல்லை என்று பதில் வந்தால், கோளாறு எந்த மேசையில் என்று தெரிந்துவிடும்.

அதுவரை தினக்கூலி ஆசிரியர்தான். நேர்காணலை ஜூனுக்கு விட்டால் ஜூலை வரை வகுப்பு அனாதை. தமிழ் வழியில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் பிரிவு தேறியவர்கள் யார் யார் என்று ஏப்ரலிலேயே பட்டியல் எடுங்கள். போடி, தேனிப் பக்கம் படித்த நம் பெண்கள் பலர் வீட்டில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்கு இங்கே என்ன கேட்பார்கள் என்பதை ஏ.இ.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வைத்தால், நேர்காணலன்று அவரைத் திருப்பி அனுப்ப வேண்டி வராது.

பணியிடமே கரைந்துபோகாமல் பார்ப்பது இன்னொரு வேலை. கேரளத்தில் ஜூனில் ஆறாவது வேலை நாள் கணக்கை வைத்துத்தான் பணியிடம் முடிவாகிறது. சம்பூர்ணா என்ற ஆன்லைன் மாணவர் பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், ஆதார் சரிபார்ப்பிலும் சிக்கல் இல்லாமல் பாருங்கள். எஸ்டேட் பிள்ளைகளுக்கு இடறுவது இங்கேதான். தாய் பிரசவத்துக்குத் தேனிக்குப் போயிருப்பார். பிறப்புச் சான்றிதழ் அங்கே, ஆதார் இங்கே. ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருக்கும். இதைத் திருத்தத் தமிழ்நாட்டு நகராட்சிக்கு நடக்க வேண்டும், ஒரு வாரத்தில் முடியாது. அங்கன்வாடியில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் ஜனவரியிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். குழந்தையில் எடுத்த ஆதார் என்றால், ஐந்து வயதில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். ஒன்றிரண்டு தலை குறைந்தால் என்ன என்று இருந்துவிடாதீர்கள். வகுப்புக்கு எட்டு, பத்துப் பேர் இருக்கும் பள்ளியில் ஒவ்வொரு தலையும் எண்ணிக்கையில் கனக்கும்.

இனி உங்கள் உண்மையான கவலை, வாசிப்பு.

ஒன்றாம் வகுப்பின் முதல் பருவத்தை விட்டுவிட்டு, மற்ற எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் போதும். தாளில் பத்து எழுத்து, பத்து எளிய சொல், நான்கு வரிப் பத்தி, எட்டு வரிக் கதை. எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் நிலை. வகுப்பில் கூட்டமாக வாசிக்கச் சொன்னால் இது வெளியே தெரியாது, மனப்பாடத்தில் எல்லாரும் வாசிப்பார்கள்.

தடுக்குமிடத்தைக் கூர்ந்து கேளுங்கள். ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்று வாசிக்கும் பிள்ளைக்குப் புள்ளி என்ன செய்கிறது என்று தெரியாது. ‘கொடி’யை ‘கெரடி’ என்று வாசிக்கும் பிள்ளை துணைக்காலை ‘ர’ என்று நினைக்கிறது. கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நின்றாலும் ஒலி ஒன்று என்று அதற்கு யாரும் காட்டவில்லை. இருவருக்கும் 247 எழுத்தையும் மறுபடி எழுதப் போடுவது வீண் வேலை. முதல் பிள்ளைக்கு ட, ப, ம, த, ர, க என்ற ஆறு எழுத்தையும் புள்ளியையும் வைத்துப் படம், மடம், பட்டம், மரம், பக்கம் என்று பத்து நாள் போதும். இரண்டாவது பிள்ளைக்குக் கெ, கே, கொ, கோ வரிசையை அட்டையில் வைத்து, காலை எடுத்தும் சேர்த்தும் வாசிக்க வைக்க வேண்டும்.

பிறகு தினமும் காலை பத்து முதல் பதினொன்று வரை வகுப்பைக் கலைத்துவிட்டு, நிலைப்படி மூன்று குழு: எழுத்து, சொல், பத்தி. நான்காம் வகுப்புப் பையன் எழுத்துக் குழுவில் உட்கார வேண்டியிருந்தால் உட்காரட்டும். ஆனால் குழுவுக்கு ‘ஏ’, ‘பி’ என்று பெயர் வைக்காதீர்கள், அவனுக்கு உடனே புரிந்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துக் குழு மாற்றுங்கள். இந்த மறுசோதனைதான் முதலில் கைவிடப்படும். கைவிட்டால் எழுத்துக் குழு நிரந்தரக் குழுவாகிவிடும்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷி வேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காகக் கற்றல் ஏணியும் அட்டைகளும் உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08ல் தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றல். சிறிய பள்ளிக்காக யோசித்த முறை அது. அட்டை கிழிந்தால் புதிதாகச் செய்ய ஆளும் பணமும் இல்லாத இடங்களில் ஏணியில் படிகள் காணாமல் போயின. நீங்கள் அட்டை செய்தால் ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி செய்யுங்கள். அச்சிட்ட தாளை முதலில் அளவாக வெட்டி, பிறகு லேமினேட் செய்து, சுற்றி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு விடுங்கள். லேமினேட் செய்த பிறகு தாளோடு ஒட்ட வெட்டினால் உங்கள் ஊர் ஈரம் ஓரத்தில் புகுந்து ஒரே மழைக்காலத்தில் பிரிந்துவிடும். புத்தகங்களை மூடிய இரும்பு அலமாரியில் வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். திறந்த மர அடுக்கு, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. அதிலிருந்து முதல் இரண்டு நிலைக் கதைகள் அறுபது எடுங்கள். அட்டை, புத்தகம், அடுக்கு எல்லாவற்றுக்கும் 40,000 தாராளம்.

மலையாளம் பற்றிப் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான், மேலே படிக்கவும் பி.எஸ்.சி.க்கும் அது வேண்டும். ஆனால் தமிழில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மலையாள எழுத்தை ஏற்றினால் இரண்டும் நிற்காது. முதல் இரண்டு வருடம் பேச்சு, பாட்டு, விளையாட்டு. மலையாள எழுத்து, தமிழ் வாசிப்பு உறுதியான பிறகுதான். நாம் ஒரே ‘க’ எழுதும் இடத்தில் அவர்களுக்கு நான்கு எழுத்து. அந்த நான்கு ஒலியைக் காது முதலில் பிரித்துக் கேட்கப் பழகினால்தான் கை சரியாக எழுதும்.

பள்ளியின் கட்டடம், கக்கூஸ், சுற்றுவேலிக்கு இந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அரசு எல்.பி. பள்ளி கேரளத்தில் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பு. வார்டு கிராமசபையில் கோரிக்கையாக வைத்துத் தீர்மானத்தில் ஏற வேண்டும், அப்போதுதான் அடுத்த வருடத் திட்டத்தில் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வேலை நாள் காலை பதினொன்றுக்குக் கூட்டம் போட்டால் கொழுந்து கிள்ளும் தாய் அரை நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். கூட்டக் குறிப்பின் ஒரு பிரதி ஏ.இ.ஓ.வுக்குப் போகட்டும்.

மிச்சம் 60,000ஐ வங்கியில் வையுங்கள். தினக்கூலி ஆசிரியரின் சம்பளம் அரசிலிருந்து தாமதமாக வரும் மாதங்களில் அதிலிருந்து முன்பணம் கொடுத்து, பில் பாஸானதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அக்டோபரில் ஆசிரியர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்தத் தாமதம்தான் காரணம். ஜீப்புக்கு மட்டும் இதில் கை வைக்க வேண்டாம். பழங்குடிப் பிள்ளைகளுக்கு வித்யாவாஹினி என்ற அரசின் பள்ளி வாகனத் திட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்கு, யானை நடமாடும் பாதை என்று வனத்துறையிடம் எழுத்தில் வாங்கி, சமக்ர சிக்ஷா என்ற அரசுக் கல்வித் திட்டத்தில் பயணச் செலவு கேளுங்கள். சொந்தப் பணத்தில் ஓடிய ஜீப் நான்காவது மாதம் வாடகை பாக்கியில் நிற்கும், அன்றைக்குப் பிள்ளைகளும் நிற்பார்கள்.