ஒரு காலை இழந்தபின் வாழ்க்கையை எப்படி மீண்டும் தொடங்கினீர்கள்?

2009இல் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது 26 வயது.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைப் பக்கம். முற்றம் முழுக்க மணல். கக்கத்தண்டை ஊன்றினால் உள்ளே இறங்கும்; ஒன்றைப் பிடுங்குவதற்குள் மற்றது புதையும். வாசலிலிருந்து கிணற்றடி பதினைந்து அடிதான். அதற்குள் இரண்டு முறை விழுந்த நாளும் உண்டு. ஒரு நாள் அப்பா, இடிந்த மதிலின் கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, கிணறு வரை வரிசையாகப் பதித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறுதல் சொல்ல வந்துபோன உறவினர் எல்லோரையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தக் கல்வரிசைக்கு ஈடாகாது.

இரவில் இல்லாத காலின் பெருவிரல் அரிக்கும். அம்மா பயந்துபோய்த் திருநீறு பூசினார். கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் அப்படியே இருக்கிறது, அதனால்தான் என்று மருத்துவர் விளக்கினார். விளக்கம் நன்றாக இருந்தது, அரிப்பு நிற்கவில்லை.

பிறகு ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக்கால் கிடைத்தது. 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிற, நிலத்தில் குந்துகிற நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த ரப்பர்ப் பாதம். மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஒருவர் என் பாதத்தைக் காட்டி, "தம்பி, செருப்பைக் கழற்றுங்கள்" என்றார். "இது செருப்பில்லை அண்ணன், கால்" என்றேன். பாவம், அவர்தான் வெட்கப்பட்டார்.

காலை ஒருமுறை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டிய இடம் பகல் போகப் போகச் சற்றுச் சுருங்கும். காலையில் ஓர் உறை போதும். மத்தியானம் இன்னொன்று போடாவிட்டால் உள்ளே ஆடித் தோலை உரித்துவிடும். வெயில் காலத்தில் வியர்வையைத் துடைத்துத் துடைத்துத்தான் நடக்க வேண்டும்.

தொழிலுக்கு வருகிறேன். முச்சக்கரவண்டியில் கிளட்சும் கியரும் இடது கையில், வேகம் வலது கையில், பிரேக் வலது காலில். இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை! இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்தத் தொழிலுக்கு வேண்டிய ஒரு கடிதத்துக்காக ஏறி இறங்கிய அலுவலகமோ மாடியில் இருந்தது. சாய்தளமும் இல்லை, மின்தூக்கியும் இல்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. பொதுக்கட்டடங்களுக்குள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. நான் 2011இல் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை; ஆறவும் வேண்டாம்.

போன மாரியில் ஓர் அம்மாவைப் பொதிகளோடு காத்தான்குடியில் ஏற்றிவந்து ஆரையம்பதியில் இறக்கினேன். பொதியை எடுத்துக்கொடுக்க நான் இறங்கியபோதுதான் காலைப் பார்த்தார். "ஐயோ மனே" என்று, மிச்சக் காசை வேண்டாம் என்றார். நான் நூறு ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.