தம்பிகள் எங்கே போனார்கள்?

கேள்வி: ஹன்னிபால் ரோமாபுரிக்கு எதிராக இத்தாலியில் 15 ஆண்டு தனியாகப் போராடினான் என்று என் பேரன் படித்துவிட்டு வந்தான். கூடப்பிறந்த தம்பிகள் இருந்தார்களாமே, ஏன் ஐயா துணைக்குப் போகவில்லை? அண்ணன் தம்பிக்குள் சண்டையா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சண்டையே இல்லை அம்மா. நான் இங்கே வரலாற்று ஆசிரியராக இருந்தபோதும் பிள்ளைகள் ஹன்னிபால் தாண்டிய ஆல்ப்ஸ் மலையையும் அவனுடைய 37 யானைகளையும் விட்டு நகரமாட்டார்கள். நான் ஸ்பெயினைத்தான் முதலில் பலகையில் வரைவேன். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த ஹன்னிபாலின் பார்கா குடும்பத்துக்கு உயிர்நாடி அங்கேதான்.

ரோமோடு நடந்த முதல் போரில் தோற்று, கி.மு. 241இல் சிசிலியைப் பறிகொடுத்தது கார்த்தேஜ். அப்பா ஹமில்கார் 237இல் ஸ்பெயினுக்குப் போய் வெள்ளிச் சுரங்கங்களைப் பிடித்தார். படைக்குக் கூலி அந்த வெள்ளிதான். நம் வீடுகளில் அண்ணனைப் படிக்க வைக்கத் தம்பிகள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்களே, அப்படித்தான் பெரிய தம்பி ஹஸ்துருபால் ஸ்பெயினைக் காக்க நின்றுகொண்டான்.

சின்னவன் மாகோ முதலில் அண்ணனோடுதான் இருந்தான். 216இல் இத்தாலியின் கன்னே என்ற இடத்தில் நடந்த போரில் ஜெயித்ததும், செத்த ரோமானியப் பிரபுக்களின் தங்க மோதிரங்களைக் கொண்டுபோய்க் கார்த்தேஜ் சபையின் முன் கொட்டினான். எதிர்க்கட்சிக்காரர் ஹன்னோ கேட்டார்: “ரோமின் கூட்டாளிகளான லத்தீன் ஊர்களில் ஒன்றாவது நம் பக்கம் வந்ததா?” வரவில்லை என்றுதான் மாகோ சொல்ல வேண்டியிருந்தது. சரி, இத்தாலிக்கென்று அவனிடம் கொடுத்த படையாவது போய்ச் சேர்ந்ததா? அதையும் ஸ்பெயினுக்குத் திருப்பிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத இடம் இது.

ஹஸ்துருபால் 207இல் அதே ஆல்ப்ஸைத் தாண்டி வந்தான். எங்கே சந்திப்பது என்று அண்ணனுக்கு எழுதிய கடிதம், கொண்டுபோன குதிரைவீரர்களோடு ரோமானியரிடம் சிக்கிவிட்டது. மெடாரஸ் ஆற்றங்கரையில் அவனைக் கொன்று, தலையைக் கொண்டுவந்து ஹன்னிபாலின் முகாமுக்கு முன்னால் எறிந்தார்கள். தம்பி வந்ததும் போனதும் அண்ணனுக்கு அப்படித்தான் தெரிந்தது. மாகோவும் வட இத்தாலிக்கு வந்து போராடி, 203இல் காயத்தோடு ஊர் திரும்பும்போது கப்பலிலேயே இறந்தான்.

பேரனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கார்த்தேஜ் தோற்றுப் போர் முடிந்தபின் ஹன்னிபால் 196இல் கார்த்தேஜின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தான். கணக்கைப் பிரித்துப் பார்த்துக் கையாடல்களைப் பிடித்தான். மக்கள்மேல் வரி போடாமலே ரோமுக்குத் தரவேண்டிய போர் இழப்பீட்டுத் தவணையைக் கட்டலாம் என்று காட்டினான். பணம் தின்றவர்கள் ரோமுக்குக் கோள் சொல்ல, மறு வருடமே நாட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று.