எந்திரனுக்கு எத்தனை விருது?

வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சினிமா வினாடி வினா. 'எந்திரன்' வாங்கிய விருதுகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டப்போகிறோம். தேசிய விருது வருடம் ஓரிடத்தில் 2010, இன்னோரிடத்தில் 2011. எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதை எழுத?"

தேசிய விருது இரண்டுதான், இதைத் தயங்காமல் எழுதுங்கள். 58-வது தேசியத் திரைப்பட விருதுகளில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக வி. ஸ்ரீனிவாஸ் மோகன், தயாரிப்பு வடிவமைப்புக்காக சாபு சிரில். ஆளுக்கொரு ரஜத் கமல், அதாவது வெள்ளித் தாமரை.

வருடம் இரண்டுமே தப்பில்லை. படம் வந்தது 2010 அக்டோபர் 1. அந்த வருடப் படங்களுக்கான விருதை 2011-ல்தான் அறிவித்தார்கள், கொடுத்தார்கள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தேசிய விருதுக்குக் கணக்கு, படம் தியேட்டருக்கு வந்த தேதி அல்ல, தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய வருடம். 'ஆடுகளம்' 2011 பொங்கலுக்கு வந்த படம். ஆனாலும் எந்திரனோடு அதே 58-வது விருதில்தான் தனுஷுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பிள்ளைகள் இதைக் கேட்டால் கண் விரிப்பார்கள், கட்டாயம் சொல்லுங்கள்.

எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்றால், பலர் பரிந்துரையையும் வெற்றியையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறார்கள். உங்கள் பக்கத்து கேரம் கிளப் எதிலாவது ஷீல்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடியில் பித்தளைத் தகட்டில் ஆட்டக்காரர் பெயர், வருடம், வின்னரா ரன்னரா என்பது வரை பொறித்திருக்கும். சினிமா விருதையும் அப்படித்தான் எழுத வேண்டும். 'அவதார்' ஆஸ்கரில் 9 பிரிவுகளில் போட்டியிட்டது, வென்றது 3. பன்னிரண்டு என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

அந்த மூன்றும் எவை தெரியுமா? கலை இயக்கம், ஒளிப்பதிவு, விஷுவல் எஃபெக்ட்ஸ். சூர்யா நடித்த '24' வாங்கிய இரண்டு தேசிய விருதுகளும் ஒளிப்பதிவுக்கும் தயாரிப்பு வடிவமைப்புக்கும்தான். அறிவியல் புனைகதைப் படத்தில் இல்லாத உலகத்தை உண்டாக்குகிற வேலை பெரிது. எந்திரன் கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய உருண்டையாக உருள்வதும், பாம்பாக நெளிவதும் நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களின் உழைப்பு அது. வட சென்னையில் படம் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமா? இப்படியொரு வேலை இருக்கிறது, அதற்கு நாட்டின் உயரிய விருதும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் விருதுக்குப் பக்கத்தில் வாங்கியவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் சேர்த்தே எழுதுங்கள்.

பத்திரிகைகளும் டிவி சேனல்களும் கொடுக்கும் விருதுகளைத் தனிக் கட்டத்தில் போடுங்கள். கொடுத்தவர்களே வெளியிட்ட வெற்றியாளர் பட்டியலில் இருந்தால் மட்டும் சேர்த்தால் போதும்.

அப்புறம், கேள்வியையும் திருத்திவிடுங்கள். "எந்த வருடம் விருது வாங்கியது?" என்று கேட்டால் சண்டை வரும். "எந்த வருடப் படங்களுக்கான விருது?" என்று கேளுங்கள். பதில் 2010, அது ஒன்றுதான்.