மெற்போமின் குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்குமா?

நெடுங்கேணியில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 61 வயது, வயல் செய்கிறார். ஏழு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போட்டு வந்தார். 'அது வெறும் இரசாயனம், அதுதான் கிட்னியைத் தின்னுது' என்று யாரோ சொல்ல, ஒரு மாதமாகக் குளிசையை விட்டுவிட்டு மூலிகைக் கசாயம் குடிக்கிறார். என்ன செய்வது?"

முதலில் நேரடியான பதில்: மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது.

மெற்போமினை உடம்பு உடைத்து மாற்றுவதில்லை. ஈரலில் இருந்து சீனி அளவுக்கு மீறி வெளிவருவதைக் குறைத்துவிட்டு, போன வடிவத்திலேயே சலத்தோடு வெளியேறிவிடும். வெளியேற்றுவது சிறுநீரகம். அது பலவீனமானால் மருந்து இரத்தத்தில் தேங்கும்; லக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சிறுநீரகம் பழுது என்று தெரிந்ததும் வைத்தியர் இந்தக் குளிசையைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். பார்க்கிற சனத்துக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. வாய்க்கால் உடைந்தால் குளத்துத் துருசை மூடுகிறோம். துருசுதான் வாய்க்காலை உடைத்தது என்று யாரும் சொல்வதில்லையே.

வவுனியாப் பக்கம் பரவியிருக்கும் சிறுநீரக நோய் வேறு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட அது, சீனியோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் வருவதால்தான் 'காரணம் அறியப்படாத' என்று பெயர் பெற்றது. மறுபக்கம், கட்டுப்படாத சீனியே சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரிக்கும். அப்பா மருந்தை விட்ட இந்த ஒரு மாதம்தான் எனக்குக் கவலை.

இனி 'இரசாயனம்' என்ற சொல். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதிலுள்ள கலேகின் சீனியைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அந்தச் செடியைத் தின்ற ஆடுகள் செத்திருக்கின்றன. அதே குடும்பத்துச் சேர்மமான மெற்போமினை 1922இல் டப்ளினில் வேர்னர், பெல் என்ற இருவர் ஆய்வுகூடத்தில் தயாரித்தார்கள். டைமீதைலமீன் உப்பு, டைசயன்டயமைட் என்ற இரண்டு இரசாயனப் பொருட்களைச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைப்பது அது. 1957இல் பாரிஸில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் சீனி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். செடியில் இருந்த நஞ்சைத் தவிர்த்து, அளவு தெரிந்த மருந்தாக்கியது இரசாயனம்தான். மூலிகை என்பதற்காக எல்லாம் பாதுகாப்பும் இல்லை: ஆடுதீண்டாப்பாளை, ஈச்சுரமூலி இனங்களில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகவே கெடுக்கும். அப்பாவின் கசாயத்தில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். வயல் வேலை முடிந்து உடம்பு நோவுக்கு பார்மசியில் டைக்குளோபினாக், இபுபுரோபன் வாங்கிப் போடுகிறாரா? வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை உண்மையிலேயே அடிப்பவை அவைதான். இதைப் பற்றி ஊரில் யாரும் கதைப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் கிளினிக் கொப்பியோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மாதம் மருந்து போடவில்லை என்பதையும் கசாயத்தையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சீனியோடு, இரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலிருந்து கணிக்கும், சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் (eGFR) 45க்கு மேல் என்றால் பொதுவாகப் பயமில்லாமல் மெற்போமின் தொடரலாம். 30க்கும் 45க்கும் இடையில் அளவைக் குறைப்பார்கள். 30க்குக் கீழே என்றால் அது வேண்டாம், வேறு மருந்து தருவார்கள். பழைய அளவை வீட்டிலேயே திரும்பத் தொடங்க வேண்டாம். இடைவெளிக்குப் பிறகு சிறிய அளவில், சாப்பாட்டோடு தொடங்கினால் வயிற்றுக் குழப்பம் குறையும். கால் விறைப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள், நெடுநாள் மெற்போமின் விற்றமின் பி12ஐக் குறைக்கக்கூடும்.

அப்புறம், சத்தி, வயிற்றோட்டம் வந்து சாப்பிடவோ குடிக்கவோ முடியாத நாட்களில் மட்டும் குளிசையை நிறுத்திவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.