காது மிஷின் விசிலடித்தால் பழகிப் போகுமா?

கேள்வி: சோமனூரில் எங்கள் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் தறி ஓட்டியவர். காது மந்தமாகிவிட்டது என்று கோவையில் ஒரு கடையில் காதுக்குள்ளேயே அடங்குகிற மிஷின் வாங்கினோம். ஏதோ மாவு மாதிரி காதுக்குள் வைத்து அளவெடுத்தார்கள். மிஷின் வந்ததிலிருந்து, அப்பா சாப்பிடும்போதெல்லாம் கீச்சென்று விசில் அடிக்கிறது, நழுவியும் வருகிறது. கேட்டால் "போகப் போகப் பழகிடுமுங்க" என்கிறார்கள். மறுபடி அளவெடுக்கத் தனியாகப் பணமும் கேட்கிறார்கள். என்னங்க செய்வது?

பதில்: பழகாதுங்க. மிஷினிலிருந்து வரும் சத்தம் இடுக்கு வழியாக வெளியே கசிந்து, மறுபடி மைக்குக்குள் போவதால்தான் விசில் வருகிறது. இடுக்கை அடைக்காமல் அது போகாது. தாடை மூட்டு காதுத் துவாரத்துக்கு நேர் முன்னால் இருக்கிறது. வாயைத் திறக்கும்போது பலருக்குத் துவாரம் கொஞ்சம் விரியும். வாயை மூடியபடியே அளவெடுத்திருந்தால், உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருப்பது மெல்லும்போது தளர்ந்துவிடும். அதனால்தான் அளவெடுக்கும்போது வாயைத் திறந்து வைக்கவோ, மென்று காட்டவோ சொல்வார்கள். உங்கள் அப்பாவிடம் அப்படிச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

காதில் குரும்பி அடைத்திருந்தாலும் விசில் வரும். அதை முதலில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். வீட்டில் குச்சி போட்டு நோண்ட வேண்டாம்.

அளவெடுப்பில் பாதுகாப்பும் இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. முதலில் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்க்க வேண்டும். சீழ் வந்தாலோ, ஜவ்வில் ஓட்டை இருந்தாலோ, முன்பு காதில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ டாக்டர் சம்மதிக்காமல் தொடக் கூடாது. அடுத்து, நூல் கட்டிய சின்னப் பஞ்சையோ ஸ்பாஞ்சையோ துவாரத்தின் இரண்டாவது வளைவுக்கு அப்பால் வைப்பார்கள். அது இல்லாமல் அளவெடுக்கும் மாவை (சிலிக்கான்) அழுத்தினால் ஜவ்வு வரை போய் ஒட்டிக்கொள்ளும், ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய நிலைகூட வந்திருக்கிறது. நாலைந்து நிமிடத்தில் இறுகியதும் எடுத்துவிட்டு, மறுபடி காதுக்குள் பார்ப்பார்கள். அந்த இரண்டு பார்வையும் இல்லாத இடத்தில் அளவு கொடுக்காதீர்கள், அவர்கள் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி.

இன்னொன்று. தறிச் சத்தத்தில் உழைத்தவர்களுக்கு முதலில் போவது ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகள். "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை" என்பார்கள். கனத்த ஒலிகள் இன்னும் நன்றாகக் கேட்கிற காதை முழுசாக அடைத்தால் தன் குரலே தனக்கு முழங்கும். அப்பாவின் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் போட்ட வரைபடம்) அப்படி இருந்தால், காதுக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லிய ஒயரும் காற்றோட்டமுள்ள சின்ன ரப்பர் முனையும் கொண்ட மிஷினே தோதாக இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அளவே எடுக்க வேண்டியதில்லை. வேறொரு ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) ஆடியோகிராமைக் காட்டிக் கேளுங்கள். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம் விஷயத்துக்கு வருவோம். அளவெடுத்துச் செய்த பொருள் அளவுக்குப் பொருந்தவில்லை என்றால் அது அவர்கள் குறை. புது அளவெடுத்து, மிஷினின் வெளிக்கூட்டை இலவசமாக மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாரண்டி அட்டையையும் பாருங்கள், குறிப்பிட்ட நாளுக்குள் கூட்டை இலவசமாக மாற்றித் தரும் கம்பெனிகள் உண்டு. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. பிரச்சினை தொடங்கி 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. மிஷினோடு காதுக்குள் மாட்டுகிற, அளவெடுத்துச் செய்த மோல்டு சில மாதத்திலேயே லூசாகிவிடுகிறது. புது மிஷின் வாங்கச் சொல்கிறார்கள். (கோபியிலிருந்து ஒரு தாய்)

பதில்: வேண்டாம்மா. குழந்தையின் காது வளர்கிறது, மோல்டு லூசாவது இயல்பு. புதிதாக அளவெடுத்து மோல்டையும் டியூபையும் மாற்றினால் போதும், பழைய மிஷினையே அதில் மாட்டலாம். இந்த வயதில் மெத்தென்ற சிலிக்கான் மோல்டாகக் கேளுங்கள், விழுந்து அடிபட்டாலும் காதைக் கிழிக்காது.